ஆழ்சுழற்சி மின்கலம்

ஆழ்சுழற்சி மின்கலம் என்பது தன் கொள்ளளவின் பெரும்பகுதியை மெதுவாக வெளியிட்டு, மீண்டும் மின்னேற்றம் பெற்று, இச்செயலைப் பல நூறு முறை திரும்பச் செய்யுமாறு வடிவமைக்கப்பட்ட துணை மின்கலம் ஆகும். ஒருமுறை மின்னிறக்கம் அடைந்து மீண்டும் மின்னேற்றம் பெறுவது ஒரு சுழற்சி எனப்படும். வீடுகளில் மின்தடையின்போது பயன்படும் இன்வெர்ட்டர்கள், சூரிய மின்னமைப்புகள், படகுகள், தங்கும் வசதி கொண்ட கேரவன் ஊர்திகள், தொடர்வண்டிப் பெட்டிகள் ஆகியவற்றில் இவை பயன்படுத்தப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவை வெறுமனே பேட்டரி என்றே அழைக்கப்படுகின்றன.

இக்கட்டுரையில் 2 வோல்ட் அளவுள்ள அடிப்படை அலகு கலம் எனவும், ஆறு கலங்கள் ஒரே பெட்டியில் அமைந்த 12 வோல்ட் அலகு மின்கலம் எனவும், பல மின்கலங்கள் ஒன்றாக இணைக்கப்பட்ட அமைப்பு மின்கலத் தொகுதி எனவும் குறிப்பிடப்படுகின்றன.

ஒரு மின்கலத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ள ஆம்பியர்-மணி எண், அதிலிருந்து நடைமுறையில் பெறக்கூடிய ஆற்றலை நேரடியாகக் காட்டுவதில்லை. எவ்வளவு விரைவாக எடுக்கப்படுகின்றது, எவ்வளவு ஆழமாக எடுக்கப்படுகின்றது, உடன் இணைக்கப்பட்ட மின்கலம் எத்தகையது என்னும் மூன்றுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலமான ஈய-அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காசுட்டன் பிளான்டே 1859ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1881இல் கமீல் ஃபோர், ஈயச் சேர்மப் பசையைத் தகடுகளில் பூசும் முறையை அறிமுகப்படுத்தினார். இதனால் கொள்ளளவு பெருமளவு உயர்ந்து, தொழில்முறை உற்பத்தி எளிதாயிற்று. மின்னோட்டம் கூடும்போது கிடைக்கும் கொள்ளளவு குறைகின்றது என்பதைச் செருமானிய அறிவியலாளர் பொய்கெர்ட் 1897இல் ஒரு விதியாக அளித்தார்.

தமிழ்நாட்டில் மின்கலங்கள் குறித்த ஆய்வுகளுக்குக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் முதன்மையானது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்நிறுவனம் 1953 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இதற்கான 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கினார்.

அமைப்பும் செயற்பாடும்

மின்னேற்றம் பெற்ற ஈய-அமிலக் கலத்தில் நேர்மின்வாய் ஈய டைஆக்சைடாலும், எதிர்மின்வாய் கடற்பஞ்சு போன்ற நுண்துளை ஈயத்தாலும் ஆனவை. மின்பகுளி நீர்த்த கந்தக அமிலம் ஆகும். மின்னிறக்கத்தின்போது இரு மின்வாய்களிலும் ஈய சல்பேட்டு படிகின்றது. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மின்னேற்றத்தின்போது இவ்வினை எதிர்த்திசையில் நிகழ்கின்றது.

அமிலமும் வினையில் பங்கு கொள்வதால், மின்பகுளியின் ஒப்படர்த்தி கலத்தில் எஞ்சியுள்ள மின்னேற்றத்தைக் காட்டும் அளவீடாகின்றது. இதனை நீர்மமானி கொண்டு அறியலாம். ஓய்வு நிலையிலுள்ள கலத்தின் மின்னழுத்தம், ஒப்படர்த்தியுடன் 0.84ஐக் கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு ஏறத்தாழச் சமமாகும். இந்திய வீடுகளில் பயன்படும் குழல்தகட்டு மின்கலங்களில் முழு மின்னேற்றத்தின்போது ஒப்படர்த்தி பொதுவாகச் சுமார் 1.240 ஆகும். எனவே ஒரு கலத்திற்கு 2.08 வோல்ட், ஆறு கலங்களுக்குச் சுமார் 12.5 வோல்ட் கிடைக்கின்றது. ஊர்தி மின்கலங்களில் ஒப்படர்த்தி 1.265 அளவில் இருப்பதால் அவை 12.6 வோல்ட்டைக் காட்டும். ஊர்தி மின்கலத்திற்கான அட்டவணையைக் கொண்டு குழல்தகட்டு மின்கலத்தை அளந்தால், நன்கு மின்னேற்றம் பெற்றதும் குறைபாடுள்ளதாகத் தோன்றும்.

தொடக்க மின்கலத்துடன் ஒப்பீடு

உழுவை, அறுவடை இயந்திரம், மகிழுந்து ஆகியவற்றில் இருப்பது தொடக்க மின்கலம் ஆகும். பொறியைக் கிளப்புவதற்குச் சில நொடிகளுக்கு மிகப்பெரும் மின்னோட்டத்தைத் தருவதே இதன் பணி. இதற்காகப் பல மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. கொள்ளளவில் சில விழுக்காடு மட்டுமே செலவாகி, பொறி ஓடத் தொடங்கியதும் அது மீண்டும் நிரப்பப்படுகின்றது. இத்தகைய மின்கலத்தை வீட்டு விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் இணைத்து ஒவ்வொரு நாளும் ஆழமாக மின்னிறக்கம் செய்தால், தகடுகளிலுள்ள பசை உதிர்ந்து விரைவில் பயனற்றுப் போகும்.

ஆழ்சுழற்சி மின்கலத்தில் தகடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. குழல்தகட்டு வகையில், நேர்மின்வாயின் வேதிப்பொருள் நெய்யப்பட்ட குழல்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழலின் நடுவிலும் ஈயக் கலப்புலோகத் தண்டு ஒன்று செல்லும். பொருள் உதிராமல் குழல் தடுப்பதால் ஆயுள் கூடுகின்றது. இவ்வகை நிலைத்த மின்கலங்களுக்கான இந்தியத் தர நிருணயம் ஐஎஸ் 13369 ஆகும்.

கொள்ளளவு

மின்கலத்தின் கொள்ளளவு ஆம்பியர்-மணி என்னும் அலகில் குறிக்கப்படுகின்றது. இந்த எண் எத்தனை மணி நேர மின்னிறக்கத்திற்கு உரியது என்பதும் உடன் குறிக்கப்பட்டிருக்கும். சி20 என்றால் 20 மணி நேரம், சி10 என்றால் 10 மணி நேரம் எனப் பொருள்படும். வீட்டு இன்வெர்ட்டர் மின்கலங்கள் பெரும்பாலும் சி20 முறையிலும், சூரிய மின்னமைப்புகளுக்கானவை சி10 முறையிலும் மதிப்பிடப்படுகின்றன. சி20 முறையில் 150 ஆம்பியர்-மணி எனக் குறிக்கப்பட்ட மின்கலம், 7.5 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 மணி நேரம் தரக்கூடியது. அதே 150 எண் சி10 முறையில் குறிக்கப்பட்டிருந்தால், அது உண்மையில் சற்றுப் பெரிய மின்கலம் ஆகும். விலையை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

மின்னோட்டம் அதிகரிக்கும்போது நிலைமை மாறுகின்றது. பொய்கெர்ட் விதியின் அடுக்குக்குறி 1.2 எனக் கொண்டால், மேற்கண்ட சி20 மின்கலத்திலிருந்து 30 ஆம்பியர் எடுக்கும்போது அது ஏறத்தாழ 3.8 மணி நேரமே தாங்கும். அதாவது 150 ஆம்பியர்-மணிக்குப் பதிலாக 114 ஆம்பியர்-மணி மட்டுமே கிடைக்கும். அதே சுமையை ஒத்த இரண்டு மின்கலங்கள் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றும் 15 ஆம்பியர் மட்டுமே தர வேண்டியிருப்பதால் 8.7 மணி நேரம் கிடைக்கும். இரண்டாவது மின்கலத்தைச் சேர்ப்பதால் நேரம் இரட்டிப்பாவதோடு நில்லாமல் அதற்கும் மேல் கூடுகின்றது.

மின்னிறக்க ஆழமும் ஆயுளும்

முழுக் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு எடுக்கப்பட்டது என்பது மின்னிறக்க ஆழம் எனப்படும். ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் இதனைப் பெரிதும் சார்ந்துள்ளது. ஒவ்வொரு முறையும் பாதியளவு எடுக்கப்படும் மின்கலம், ஒவ்வொரு முறையும் முழுமையாக வற்றவிடப்படும் மின்கலத்தைக் காட்டிலும் மிகப் பல சுழற்சிகளுக்கு உழைக்கும். ஆகையால் அன்றாடப் பயன்பாட்டிற்கு 50 விழுக்காடும், எப்போதாவது நேரும் நெருக்கடிக்கு 80 விழுக்காடும் எல்லையாகக் கொள்வது வழக்கம்.

இன்வெர்ட்டரின் தானியங்கித் துண்டிப்பை நம்பி இவ்வெல்லையைக் காக்க இயலாது. பல இன்வெர்ட்டர்கள் மின்னழுத்தம் 10.5 வோல்ட் அளவிற்கு இறங்கிய பின்னரே துண்டிக்கின்றன. சிறு சுமையில் இந்நிலையை அடையும்போது மின்கலம் ஏறக்குறைய முழுமையாக வற்றியிருக்கும்.

மின்னிறக்கம் அடைந்த நிலையில் நாட்கணக்கில் விடப்படும் மின்கலத்தில், ஈய சல்பேட்டு கடினமான படிகங்களாக மாறுகின்றது. இது சல்பேட்டாதல் எனப்படும். இப்படிகங்கள் பின்னர் மின்னேற்றத்தின்போது எளிதில் கரைவதில்லை. வெப்பநிலையும் ஆயுளைக் குறைக்கும் காரணியாகும். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுவான விதி. கோடையில் வெயில் படும் தாழ்வாரத்தில் வைக்கப்படும் மின்கலம் விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

காவிரிப் படுகையில் பயன்பாடு

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய மின் பற்றாக்குறையின்போது, இன்வெர்ட்டரும் குழல்தகட்டு மின்கலமும் நடுத்தர வீடுகளின் பொதுவான பொருள்களாயின. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அக்காலத்தில் மின்கலத்தின் பணி, ஒரு நாளில் பலமுறை சிறிது சிறிதாக மின்னிறக்கம் அடைந்து உடனுக்குடன் நிரம்புவதாக இருந்தது.

புயற்காலத் தேவை வேறு வகையானது. கசா புயல் 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. ஊர்ப்புறங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லாததால் நீரேற்றிகள் இயங்கவில்லை. குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப மின்னாக்கிகளை நாட வேண்டியிருந்தது. இத்தகைய நாட்களில் மின்கலத்திற்கு மின்னேற்றம் கிடைக்க வழியில்லை. ஏற்கனவே சேமித்து வைத்ததை எத்தனை இரவுகளுக்கு நீட்டிக்கலாம் என்பதே கேள்வியாகின்றது.

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றங்கரையில் அமைந்துள்ள நீடாமங்கலத்தைப் போன்ற ஊர்களில், ஒரே மின்கலத் தொகுதி இவ்விரு தேவைகளையும் நிறைவேற்ற வேண்டியுள்ளது. எனவே தேவையைக் கணக்கிடும்போதும் இரண்டையும் தனித்தனியே கருத வேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

அன்றாட மின்வெட்டிற்கு

எடுத்துக்காட்டாக, தலா 75 வாட் கொண்ட இரண்டு மின்விசிறிகள், தலா 9 வாட் கொண்ட நான்கு ஒளியுமிழ் இருமுனைய விளக்குகள், கைபேசி மின்னேற்றி முதலிய சிறு கருவிகளுக்கு 14 வாட் என மொத்தம் 200 வாட் சுமையுள்ள வீட்டைக் கொள்ளலாம்.

1. ஐந்து மணி நேரத்திற்குத் தேவையான ஆற்றல் 200 × 5 = 1000 வாட்-மணி.
2. இன்வெர்ட்டரின் பயனுறுதிறன் 80 விழுக்காடு எனில், மின்கலம் தர வேண்டியது 1000 ÷ 0.8 = 1250 வாட்-மணி.
3. மின்னிறக்க ஆழம் 50 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டுமெனில், மொத்தக் கொள்ளளவு 2500 வாட்-மணி.
4. 12 வோல்ட் அமைப்பில் இது 2500 ÷ 12 = சுமார் 208 ஆம்பியர்-மணி.

மின்விசிறிகளுக்குப் பதிலாகத் தலா 30 வாட் அளவில் இயங்கும், தூரிகையற்ற மின்னோடி கொண்ட மின்விசிறிகளைப் பொருத்தினால் மொத்தச் சுமை 110 வாட்டாகக் குறையும். மேற்கண்ட கணக்கின்படி அப்போது 115 ஆம்பியர்-மணி போதுமானது. மின்கலத்தைப் பெரிதாக்குவதற்கு முன் சுமையைச் சிறிதாக்க முடியுமா எனப் பார்ப்பது சிக்கனமானது. மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால், இச்சிக்கனம் ஒவ்வொரு முறையும் கிடைக்கின்றது.

நீரேற்றிகளை இக்கணக்கில் சேர்க்கலாகாது. வயலில் இயங்கும் 5 குதிரைத்திறன் மின்னோடி வெளியிடும் திறன் மட்டுமே 3700 வாட்டுக்கு மேற்பட்டது. 150 ஆம்பியர்-மணி மின்கலத்தின் முழு ஆற்றலான 1800 வாட்-மணி, அதற்கு அரை மணி நேரத்திற்கும் போதாது. வீட்டு மின்னோடிகளும் தொடங்கும்போது இயல்பைப் போலப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், சிறிய இன்வெர்ட்டர்கள் அவற்றைத் தாங்குவதில்லை.

புயற்கால இரவுகளுக்கு

மின்னேற்றம் கிடைக்காத நாட்களில் இன்வெர்ட்டர் தானே நுகரும் ஆற்றல் முதன்மை பெறுகின்றது. சுமை எதுவும் இல்லாதபோதும், இயங்கிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை எடுத்துக்கொள்ளக்கூடும்.

150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 80 விழுக்காடு எடுப்பதாகக் கொண்டால் 1440 வாட்-மணி கிடைக்கும். இரவில் நான்கு மணி நேரத்திற்கு இரண்டு விளக்குகளும் ஒரு கைபேசியுமாக 25 வாட் சுமை எனக் கொள்ளலாம். இது நாளொன்றுக்கு 100 வாட்-மணி. இன்வெர்ட்டரின் நுகர்வு 15 வாட் எனில் இரு நிலைகள் பின்வருமாறு அமையும்.

- இன்வெர்ட்டர் நாள் முழுவதும் இயங்க விடப்பட்டால், அதன் நுகர்வு மட்டும் 360 வாட்-மணி. விளக்குகளையும் சேர்த்து நாளொன்றுக்கு 460 வாட்-மணி செலவாகும். மின்கலம் மூன்று நாட்களுக்குத் தாங்கும்.
- தேவையான நான்கு மணி நேரத்திற்கு மட்டும் இயக்கி, பின்னர் முழுமையாக அணைத்துவிட்டால், நாளொன்றுக்கு 160 வாட்-மணி மட்டுமே செலவாகும். அதே மின்கலம் ஒன்பது நாட்களுக்குத் தாங்கும்.

மின்கலத்திலிருந்து நேரடியாக 12 வோல்ட் விளக்குகளை உருகி வழியே இணைத்தால் இன்வெர்ட்டரின் நுகர்வை முற்றிலும் தவிர்க்கலாம். மின்சாரம் திரும்பிய உடன் மின்கலத்தை இடைவிடாமல் முழுமையாக மின்னேற்றுதல் இன்றியமையாதது.

சூரியத் தகடு இருப்பின் இந்நிலை மேம்படும். எனினும் படுகைப் பகுதிக்குப் புயல்கள் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மாதங்களில் ஆகும். மேகமூட்டத்தால் சூரிய மின்னாக்கம் குறைந்திருப்பதும் அதே மாதங்களில்தான். எனவே கோடைக்கால விளைவைக் கொண்டு தகட்டின் அளவை முடிவு செய்யக்கூடாது.

இணைப்பு முறைகள்

தொடரிணைப்பு

ஒரு மின்கலத்தின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையுடன் இணைக்கப்படுவது தொடரிணைப்பு ஆகும். இதில் மின்னழுத்தங்கள் கூடுகின்றன, ஆம்பியர்-மணி மாறுவதில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கிடைக்கும். நீடாமங்கலம் போன்ற சந்திப்புகளில் நிற்கும் தொடர்வண்டிப் பெட்டிகளின் அடியில் இவ்விணைப்பின் பெரிய வடிவம் உள்ளது. இந்தியத் தொடர்வண்டிப் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிகளுக்கான 110 வோல்ட் மின்னழுத்தத்தைப் பெற ஐம்பதுக்கும் மேற்பட்ட 2 வோல்ட் கலங்கள் தொடராக இணைக்கப்படுகின்றன.

பக்க இணைப்பு

நேர்முனைகள் ஒன்றாகவும் எதிர்முனைகள் ஒன்றாகவும் இணைக்கப்படுவது பக்க இணைப்பு ஆகும். இதில் மின்னழுத்தம் மாறுவதில்லை, ஆம்பியர்-மணிகள் கூடுகின்றன. மேற்கண்ட இரு மின்கலங்களும் இம்முறையில் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி தரும்.

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பிரிகின்றது. தலைப்பில் நீர்மட்டம் மூன்றிற்கும் பொதுவானது. ஆயினும் எந்த வாய்வழியே தடை குறைவோ அதில் மிகுதியாக நீர் பாய்கின்றது. பக்க இணைப்பிலும் மின்னழுத்தம் பொதுவானது. அகத்தடையும் கம்பித்தடையும் குறைந்த மின்கலத்தின் வழியே மிகுதியான மின்னோட்டம் பாய்கின்றது. ஆற்றில் மதகுகளைக் கொண்டு பங்கீட்டைச் சீர்செய்யலாம். மின்கலத் தொகுதியில் அத்தகைய மதகு இல்லை என்பதால், எல்லாக் கிளைகளின் தடையும் தொடக்கத்திலேயே சமமாக இருக்க வேண்டும்.

எதனைத் தெரிவு செய்வது

இரு முறைகளிலும் சேமிக்கப்படும் ஆற்றல் ஒன்றே. எடுத்துக்காட்டில் அது 3600 வாட்-மணி. வேறுபாடு மின்னோட்டத்தில் உள்ளது. 800 வாட் சுமைக்கு 12 வோல்ட் அமைப்பில் சுமார் 67 ஆம்பியரும், 24 வோல்ட் அமைப்பில் சுமார் 33 ஆம்பியரும் பாயும். கம்பியில் வெப்பமாக இழக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மின்னோட்டம் பாதியானால் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். கம்பிகளின் மொத்தத் தடை 0.005 ஓம் எனில், முதல் அமைப்பில் சுமார் 22 வாட்டும் இரண்டாவதில் சுமார் 5.5 வாட்டும் வீணாகும். இதனாலேயே பெரிய இன்வெர்ட்டர்கள் 24 அல்லது 48 வோல்ட்டில் அமைகின்றன. இன்வெர்ட்டர் எந்த மின்னழுத்தத்திற்கு உரியதோ அதற்கேற்பவே இணைப்பு அமைய வேண்டும்.

ஒத்த மின்கலங்களின் தேவை

ஒரு தொகுதியில் உள்ள மின்கலங்கள் ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே தயாரிப்பு, ஏறத்தாழ ஒரே வயது உடையனவாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று கெட்டபின் அதனை மட்டும் மாற்றிப் பழையதுடன் புதியதை இணைப்பது பரவலாகக் காணப்படும் பழக்கம். இது சிக்கனமாகத் தோன்றினும் பெரும்பாலும் இழப்பிலேயே முடிகின்றது.

- தொடரிணைப்பில் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கின்றது. பழைய மின்கலம் முதலில் வற்றிவிடுகின்றது. அதன் பின்னரும் புதியது மின்னோட்டத்தைச் செலுத்துவதால், பழையதிலுள்ள நலிந்த கலத்தில் முனைகள் எதிர்மாறாகும் நிலையும் ஏற்படக்கூடும். மின்னேற்றத்தின்போது பழையது முதலில் நிரம்பி மிகைமின்னேற்றம் அடைந்து கொதிக்கின்றது. புதியது அரைகுறையாக நின்று சல்பேட்டாதலுக்கு உள்ளாகின்றது.
- பக்க இணைப்பில், மின்னழுத்தம் கூடிய மின்கலத்திலிருந்து குறைந்ததற்கு மின்னோட்டம் பாய்கின்றது. ஒன்று 12.5 வோல்ட்டிலும் மற்றது 12.1 வோல்ட்டிலும் இருக்க, இரண்டின் அகத்தடையும் கம்பித்தடையும் சேர்ந்து 0.02 ஓம் எனில், இணைத்த நொடியில் 20 ஆம்பியர் பாயும். எனவே பக்கமாக இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக மின்னேற்ற வேண்டும்.

பின்வரும் நடைமுறைகளும் பின்பற்றப்படுகின்றன.

- பக்க இணைப்பில் சுமையின் நேர்க்கம்பியை முதல் மின்கலத்திலும் எதிர்க்கம்பியைக் கடைசி மின்கலத்திலும் இணைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மின்கலத்தில் இணைத்தால் அதுவே கூடுதலாக உழைத்து முதலில் கெடும்.
- இணைப்புக் கம்பிகள் ஒரே நீளமும் ஒரே தடிமனும் உடையனவாக இருக்க வேண்டும்.
- பக்கக் கிளைகளின் எண்ணிக்கையை மூன்று, நான்கிற்குள் நிறுத்துதல் நன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் கொள்ளளவு கூடிய கலங்களைத் தெரிவு செய்யலாம்.
- ஒவ்வொரு கிளையிலும் தனி உருகி அமைய வேண்டும்.
- 24 வோல்ட் தொகுதியின் ஒரு மின்கலத்திலிருந்து மட்டும் 12 வோல்ட் விளக்குகளுக்கு மின்சாரம் எடுக்கலாகாது. அந்த ஒன்று மட்டும் தொடர்ந்து வற்றி, தொகுதி முழுவதும் சமநிலை இழக்கும். இதற்கு 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

மின்னேற்றம்

12 வோல்ட் குழல்தகட்டு மின்கலம் பொதுவாகக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மின்னேற்றப்படுகின்றது. 150 ஆம்பியர்-மணிக்கு இது 15 ஆம்பியர். மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட்டை எட்டியதும் அது நிலையாக வைக்கப்பட, மின்னோட்டம் படிப்படியாகக் குறைகின்றது. நிரம்பிய பின் 13.5 முதல் 13.8 வோல்ட் வரையிலான மிதவை மின்னழுத்தம் தொடர்கின்றது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இம்மின்னழுத்தங்கள் சுமார் 0.2 வோல்ட் குறைக்கப்பட வேண்டும். மிகக் குறைந்த மின்னோட்டம் தரும் மின்னேற்றியுடன் பெரிய தொகுதியை இணைத்தால், அடுத்த மின்வெட்டிற்குள் அது நிரம்புவதில்லை. மின்கலத்தைக் கூட்டும்போது மின்னேற்றியின் திறனையும் சரிபார்க்க வேண்டும்.

கேரவன் ஊர்திகளில்

தங்கும் வசதி கொண்ட ஊர்திகளில் இரண்டு தனி அமைப்புகள் உள்ளன. பொறியைக் கிளப்பத் தொடக்க மின்கலமும், உள்ளே விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி முதலியவற்றிற்கு ஆழ்சுழற்சி மின்கலத் தொகுதியும் அமைகின்றன. ஊர்தி ஓடும்போது பொறியின் மின்னாக்கி இரண்டையும் நிரப்புகின்றது. நின்றபின் இரண்டையும் பிரிக்க ஓர் உணர்த்தியோ பிரிப்பு மாற்றியோ பயன்படுகின்றது. இப்பிரிப்பு இல்லையெனில், இரவில் குளிர்பெட்டி எடுக்கும் மின்சாரத்தால் காலையில் பொறியைக் கிளப்ப இயலாமற்போகும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஊர்தியில் இடமும் எடையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதாலும், குலுக்கலில் அமிலம் சிந்தக்கூடும் என்பதாலும் திறந்த குழல்தகட்டு வகையைவிட, அடைக்கப்பட்ட ஈய-அமில வகையோ லித்தியம் வகையோ இங்கு விரும்பப்படுகின்றது.

லித்தியம் இரும்பு பாசுபேட்டு வகை

1990களில் ஜான் குடினஃப் குழுவினரின் ஆய்வால் அறிமுகமான இவ்வகையில் ஒரு கலம் 3.2 வோல்ட் அளவுடையது. நான்கு கலங்கள் தொடராக 12.8 வோல்ட் தருகின்றன. கொள்ளளவில் 80 விழுக்காட்டிற்கு மேல் வழக்கமாகப் பயன்படுத்தினாலும் ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்கு உழைக்கக்கூடியது. நீர் ஊற்றத் தேவையில்லை, எடையும் குறைவு. தொடக்க விலை கூடுதல். கலங்களைச் சமநிலையில் வைக்கவும், மிகை மின்னேற்றத்தையும் மிகை மின்னிறக்கத்தையும் தடுக்கவும் மேலாண்மை மின்சுற்று இதற்கு இன்றியமையாதது. ஈய-அமில மின்கலத்துடன் இதனை ஒரே தொகுதியில் இணைக்கலாகாது. இரண்டின் மின்னழுத்த வளைகோடுகளும் மின்னேற்ற முறைகளும் வேறுபட்டவை.

பராமரிப்பும் பாதுகாப்பும்

மின்னேற்றத்தின் இறுதியில் நீர் பகுக்கப்பட்டு ஐதரசனும் ஆக்சிசனும் வெளியேறுகின்றன. இவ்வாறு குறையும் நீரை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள குளோரைடு, இரும்பு முதலியன தகடுகளைக் கெடுக்கும். கடலோரப் படுகைப் பகுதிகளின் உவர்ப்பான நிலத்தடி நீர் மேலும் கேடானது. நீர் குறைந்ததற்காக அமிலம் ஊற்றலாகாது. அமிலம் ஆவியாகி வெளியேறுவதில்லை. நீர் மட்டுமே குறைகின்றது.

காற்றில் 4 விழுக்காட்டிற்கு மேல் ஐதரசன் சேர்ந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கக்கூடும். ஆகவே மின்கலம் இருக்குமிடத்தில் காற்றோட்டம் வேண்டும். குத்துவிளக்கு, ஊதுவத்தி போன்றவற்றை அருகில் வைக்கலாகாது. முனைகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். திருகுச்சாவி இரு முனைகளுக்கும் இடையே பட்டால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து தீக்காயம் ஏற்படும். அமிலம் உடலில் பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய பின் மருத்துவரை அணுக வேண்டும்.

வெள்ளம் புகும் பகுதிகளில் மின்கலத்தை முன்கூட்டியே உயரமான மேடையில் அமைத்தல் நன்று. அமிலம் நிரம்பிய 150 ஆம்பியர்-மணி மின்கலம் 50 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. நீர் ஏறிய பின் அதனைத் தூக்குவது எளிதன்று.

மீள்சுழற்சி

ஈயம் நச்சுத்தன்மை உடையது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. பழைய மின்கலங்களைத் திறந்தவெளியில் உடைத்து ஈயத்தை உருக்குவதும், அமிலத்தை வாய்க்காலில் கொட்டுவதும் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் மின்கல விதிகளுக்குப் பதிலாக 2022 ஆகத்தில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி, பயன்பாடு முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மீள்சுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு தயாரிப்பாளர்களைச் சார்ந்தது. விற்பனையாளர்கள் பழையதைப் பெற்றுக்கொண்டு புதியதன் விலையில் கழிவு அளிப்பது வழக்கம். ஈய-அமில மின்கலத்தின் ஈயத்தில் பெரும்பகுதியை மீட்டெடுத்து மீண்டும் புதிய தகடுகளாக வார்க்க இயலும்.